மூன்று ஷிஃப்ட் மருந்து

மாடத்தி கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவள் கையில் ஓர் ஈரக் கைக்குட்டை இருக்கும். அதற்குள் நாலைந்து நந்தியாவட்டைப் பூ. கம்பெனி வாசலில், செக்யூரிட்டி அறைக்குப் பக்கத்தில் அழகுக்காக வரிசையாக வளர்த்திருக்கும் செடியில் பறித்தது. ராத்திரி பத்து மணியிலிருந்து அசெம்பிளி லைனில் நின்றபடியே வேலை பார்த்துவிட்டு, காலை ஏழு மணிக்குக் கண் செருகச் செருக வருகிற பிள்ளை, நேரே மாடிக்குப் போய்ப் படுக்க வேண்டியதுதானே? போக மாட்டாள். ஹாஸ்டல் அடுப்படிக்குத்தான் முதலில் வருவாள்.

"அத்தை, இட்லிய எறக்கிட்டியளா? வாங்க, ஒக்காருங்க. அண்ணாந்து பாருங்க."

உலகம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அரிசி மூட்டைமேல் உட்காருவாள். மாடத்தி பூவை இரண்டு விரலால் கசக்குவாள். இன்னொரு கையால் உலகம்மாளின் தாடையைப் பிடித்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, வலது கண்ணின் இமையை விரித்து, சாற்றை ஒரு துளி விடுவாள். கன்னத்தில் வழிந்ததைத் தன் துப்பட்டா நுனியால் ஒற்றி எடுப்பாள்.

"எரியுதா அத்தை?"

"எரியட்டும்ட்டி. அழுக்கு வெளிய வரணும்லா. நீ யாருகிட்டயும் சொல்லிராத, என்ன?"

"நான் ஏன் சொல்லப் போறேன்?" என்று கொட்டாவி விட்டபடி மாடத்தி படியேறிவிடுவாள். மொத்தம் இரண்டு நிமிஷம். அதற்கப்புறம் மறுநாள் காலைதான் அவளைப் பார்க்க முடியும்.

உலகம்மாளுக்கு அறுபத்தொரு வயது. படப்பை தாண்டி ஒரகடம் போகிற ரோட்டில், நாற்பத்திரண்டு பெண்கள் தங்கியிருக்கும் ஹாஸ்டலுக்குச் சமையல்காரி அவள்தான், வார்டனும் அவள்தான். சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். கல்யாணம் காட்சி என்று ஒன்றும் நடக்கவில்லை. அப்பா சாகும்போது தம்பி வனமாமலைக்கு ஏழு வயது. அவனை ஆளாக்கிக் கட்டிவைப்பதற்குள் இவளுக்குக் காது ஓரம் நரைத்துவிட்டது. தம்பி பெண்டாட்டி வந்த பிறகு அந்த வீட்டில் இவளுக்கு என்ன வேலை? பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஊர்ப் பெண் ஒருத்திக்கு இங்கே வேலை கிடைத்தபோது, துணைக்கு வருகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள்தான். அந்தப் பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். இவள் இங்கேயே தங்கிவிட்டாள்.

நாற்பத்திரண்டு பேர் இருக்கிற வீட்டில் தனிமையா என்று கேட்பீர்கள். வந்து பார்த்தால் தெரியும். ஒரு கும்பல் காலை ஐந்து மணிக்குப் போகும். ஒன்று மத்தியானம் ஒரு மணிக்குப் போகும். ஒன்று ராத்திரி ஒன்பதுக்குப் போகும். எந்த நேரமானாலும் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். 'சத்தம் போடாதீர்கள், நைட் ஷிஃப்ட் தூங்குகிறார்கள்' என்று மாடிப்படியில் ஓனர் அட்டை எழுதி மாட்டியிருக்கிறார். அம்மிச் சத்தம் கூடாது, பாத்திரம் உருளக் கூடாது, ரேடியோ கூடவே கூடாது. சாப்பிட வருகிற பிள்ளைகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, போனைப் பார்த்தபடி தட்டை நீட்டும். அவர்களையும் குறை சொல்ல முடியாது, அவர்களுடைய அம்மா அப்பா அந்தப் போனுக்குள்தானே இருக்கிறார்கள். சில நாள் விடிந்ததிலிருந்து சாயங்காலம் வரை உலகம்மாள் வாயிலிருந்து "இன்னொரு கரண்டி போடவா?" என்பதைத் தவிர வேறொரு பேச்சு வந்திருக்காது.

கண் மங்க ஆரம்பித்தது சித்திரையில். முதலில் அரிசியில் கல் தெரியவில்லை. அப்புறம் உப்பு டப்பாவையும் சர்க்கரை டப்பாவையும் நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஆடி மாதம் படப்பையில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவசக் கண் முகாம் போட்டார்கள். உலகம்மாள் போனாள். நல்ல காரியம்தான் செய்தாள், அதில் ஒன்றும் தப்பில்லை. டார்ச் அடித்துப் பார்த்த டாக்டர், "ரெண்டு கண்ணுலயும் புரைம்மா. வலது கண்ணுல முத்திடுச்சு. பயப்பட ஒண்ணுமில்ல, சின்ன ஆபரேஷன். பளிச்சுன்னு தெரியும்" என்றார். உலகம்மாளுக்கு அந்த டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

அடுத்த மேஜையில் ஒரு பெண் பாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். பேர், வயது, விலாசம் எல்லாம் கேட்டாள். "கூட வர்றவங்க பேரும்மா?"

"நான்தாம்மா வருவேன்."

"நீங்க வருவீங்க. ஆபரேஷன் அன்னைக்கு உங்க கூட யாரு இருப்பா? பேரும் போன் நம்பரும் வேணும். கூட ஆள் இல்லாம அனுப்ப மாட்டாங்க."

உலகம்மாள் யோசித்தாள். பின்னால் நின்ற கிழவர் 'சீக்கிரம்மா' என்றார். அந்தப் பெண் பேனாவைக் கையில் பிடித்தபடியே காத்திருந்தாள். "கேட்டுட்டு வாரேன்" என்று எழுந்து வந்துவிட்டாள் உலகம்மாள். வந்ததும் தம்பிக்குப் போன் போட்டாள். "இப்ப எங்கக்கா வர? வாழைக்கு முட்டு குடுக்க ஆள் கெடைக்கல. தீவாளி கழியட்டும், பாப்பம்" என்றான் வனமாமலை. அதோடு போனை வைத்துவிட்டான்.

ஹாஸ்டல் பிள்ளைகள் ஒருத்தியைக் கேட்டிருக்கலாமே? கேட்டிருக்கலாம். அத்தை என்பாள் ஒருத்தி, பெரியம்மா என்பாள் ஒருத்தி, ஆன்ட்டி என்பாள் இன்னொருத்தி. உறவு சொல்லிக் கூப்பிட்டவர்களில் ஒருத்தியாவது மாட்டேன் என்றிருப்பாளா? ஆனால் லீவு போட்டால் சூப்பர்வைசர் என்ன பாடு படுத்துவான் என்று அந்தப் பிள்ளைகள் பேசிக்கொள்வதை உலகம்மாள் தினமும் கேட்கிறாள். தவிர, இன்னொரு பயமும் இருந்தது. இவளுக்கு முன்னால் இங்கே சமைத்த ராஜலட்சுமியை, சோற்றில் கல் கிடந்தது, கண் தெரியவில்லை என்று ஓனர் மோகன்ராஜ் ஒரே நாளில் கணக்குத் தீர்த்து அனுப்பினார். விஷயம் வெளியே போனால் தனக்கும் அந்த கதிதான். போவதற்குத்தான் எந்த வீடு இருக்கிறது? ஆக, உலகம்மாள் வாயை மூடிக்கொண்டாள்.

மாடத்திதான் முதலில் கண்டுபிடித்தாள். கறிவேப்பிலைக்குப் பதில் ஏதோ களையை உருவிக் கொண்டிருந்தவளைப் பார்த்து, "கண்ணு மங்குதா அத்தை? எங்க ஊர்ல நந்தியாவட்டைப் பூச்சாறுதான் விடுவாவ. ஒரே வாரத்துல தெளிஞ்சிரும்" என்றாள். மறுநாளே பூ வந்தது.

அடுத்த வாரம் தங்கமாரி. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், காலை ஷிஃப்ட். மூன்று மணிக்குத் திரும்பி வந்து சோறு கேட்டவள், உலகம்மாள் தட்டைத் தடவி எடுப்பதைப் பார்த்துவிட்டாள். "சூடு பெரியம்மா, அடுப்புச் சூடு கண்ணுல ஏறிருச்சு. எங்க ஊர்ச் செக்குல ஆட்டுன விளக்கெண்ணெய் வச்சிருக்கேன். ஒரு சொட்டு விட்டா குளுகுளுன்னு ஆகிரும்." மத்தியானம் அவள் விட்டாள். தாயாரைப் போலத் தலையை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு விட்டாள்.

மூன்றாவது சுகப்பிரியா. அவளுக்கு ஊர் வைத்தியத்தில் நம்பிக்கை கிடையாது. எல்லாம் போன்தான். "நாப்பது லட்சம் பேர் பாத்துருக்காங்க ஆன்ட்டி! சின்ன வெங்காயச் சாறு, தேன், சரிபாதி. கண்ணாடியே வேணாமாம்!" மத்தியான ஷிஃப்ட்டுக்குப் போகும் முன், பன்னிரண்டு மணிக்கு, குட்டிப் பாட்டிலோடு வந்து நிற்பாள். அது விட்டால் உச்சந்தலை வரை சுள்ளென்று ஏறும். "எரியுதுன்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று கண்ணருகே வாய் வைத்து ஊதுவாள். ஊதும்போது அவள் மூச்சில் ஏலக்காய் வாசனை வரும்.

மூன்று பேரிடமும் உலகம்மாள் ஒரே பொய்யைச் சொன்னாள். நீ மட்டும்தான் விடுகிறாய், யாரிடமும் சொல்லாதே, ஓனர் காதுக்குப் போய்விடும். மூன்று பேரும் மூன்று ஷிஃப்ட். ஒருத்தி வரும்போது ஒருத்தி தூங்குவாள், ஒருத்தி வேலையில் இருப்பாள். வாரா வாரம் ஷிஃப்ட் மாறினால் நேரம் மட்டும் மாறும், சந்திக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருத்தியும் ஹாஸ்டலில் தங்குவதில்லை. அன்றைக்கு மருந்தும் கிடையாது. அந்த நாளில் உலகம்மாள் கண்ணை மூடிக்கொண்டு மூட்டைமேல் உட்கார்ந்தே இருப்பாள்.

கண் தெளிந்ததா? எங்கே தெளிய! பத்து நாளில் சிவந்தது. இரண்டு வாரத்தில் காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. வெந்நீர் வைத்துத் துடைத்துத் திறந்தாள். வெளிச்சம் பட்டால் ஊசி குத்தியது. "வெங்காயம் உரிச்சேன்" என்று ஒருத்தியிடம் சொன்னாள். "ராத்திரி தூங்கல" என்று இன்னொருத்தியிடம். தனக்கு ஆகாதது நடக்கிறது என்று அவளுக்கே புரிந்துவிட்டது. இருந்தும் ஏழு மணியானால் வாசல் கேட் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அந்த மனசை என்னவென்று சொல்வது?

ஒரு வியாழக்கிழமை. எங்கிருந்தோ வர வேண்டிய உதிரிபாகம் வரவில்லை என்று கம்பெனியில் லைனை நிறுத்திவிட்டார்கள். காலை ஷிஃப்ட்டுக்கும் மத்தியான ஷிஃப்ட்டுக்கும் வர வேண்டாம் என்று மெசேஜ். நைட் ஷிஃப்ட் மட்டும் முடிந்து வந்தது. மாடத்தி வழக்கம்போல் பூவோடு அடுப்படிக்குள் நுழைந்தாள். அங்கே தங்கமாரி விளக்கெண்ணெய்ப் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தாள்.

"என்னட்டி, காலங்காத்தால விளக்கெண்ணெய்?"

"பெரியம்மா கண்ணுக்கு. மத்தியானம் தாம்பரம் போறேன், அதான் இப்பவே விட்டுட்டுப் போயிரலாம்னு."

"அத்தை கண்ணுக்கு நான்லா பூச்சாறு விடுதேன்!"

வாசலில் மூன்றாவதாக ஒரு குரல். "ஆன்ட்டி... நான் மட்டும்தான்னு சொன்னீங்க?" லீவு என்று சீக்கிரமே, கையில் வெங்காயச் சாற்றுப் பாட்டிலோடு வந்து நின்றாள் சுகப்பிரியா.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் உலகம்மாளைப் பார்த்தார்கள். இத்தனை நாளும் ஆளுக்கு இரண்டு நிமிஷம், அவசரத்தில் பார்த்த முகம். தங்கமாரி அவள் கையைப் பிடித்து ஜன்னலோரம் இழுத்து வந்தாள். வலது கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. கருவிழிக்கு நடுவில் நொய்யரிசி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி.

"அய்யோ, இது என்ன? எத்தன நாளா பெரியம்மா?"

"விடுங்கட்டி. போய் வேலையப் பாருங்க."

"எத்தன நாளா மூணையும் விடுதிய? சொல்லுங்க அத்தை!" மாடத்தி கத்தினாள். மாடியில் தூங்குகிறவர்களை யாரும் நினைக்கவில்லை.

"மூணு வாரம்" என்றாள் உலகம்மாள்.

மாடத்தி கையிலிருந்த பூ கீழே விழுந்தது. தங்கமாரி அடுப்பை அணைத்தாள். "செருப்பைப் போடுங்க பெரியம்மா. இப்பவே போறோம்."

கேட்டைத் திறக்கும்போது எதிரே ஓனர் மோகன்ராஜ் காரை விட்டு இறங்கினார். "இன்னாம்மா, அல்லாரும் எங்க கெளம்பிகினு போறீங்க? மத்தியான சோறு யாரு ஆக்குறது?" என்றவர், உலகம்மாள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "இன்னாம்மா இது, கண்ணு இப்டி கீது? எங்கைல ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா ராஜலட்சுமிய அனுப்புன மாதிரி அனுப்பிருவியன்னு பயந்துட்டேன்யா."

மோகன்ராஜ் கார்க் கதவைத் திறந்துவிட்டு, "ஏறும்மா, முதல்ல ஏறு" என்றார்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கருவியில் உலகம்மாளின் தாடையை வைக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "கண்ணுல என்ன விட்டீங்க?" என்று கேட்டார்.

மாடத்தி மெல்லச் சொன்னாள்: "பூச்சாறு, கம்பெனி வாசல் செடியில பறிச்சது." தங்கமாரி சொன்னாள்: "விளக்கெண்ணெய்." சுகப்பிரியா சுவரைப் பார்த்துக்கொண்டு, "வெங்காயமும் தேனும்" என்றாள்.

டாக்டரம்மா கையிலிருந்த பேனாவை மேஜைமேல் போட்டார். "மூணுமா? ஏம்மா, நீங்கள்லாம் டிப்ளமோ படிச்ச பொண்ணுங்கதானே? புரைங்கிறது கண்ணுக்கு மேல படியுற அழுக்கு இல்ல, சாறு ஊத்திக் கழுவுறதுக்கு. உள்ள இருக்கிற லென்ஸே மங்கிப்போறது. மேல எதை விட்டாலும் அது கரையாது. பொன்னாங்கண்ணி, முருங்கைக்கீரைன்னு சாப்பிடக் குடுத்திருந்தீங்கன்னா நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல, உடம்புக்கு நல்லது. அதுவும் புரையக் கரைக்காது. ஆனா கசக்குன பூவுலயும் வீட்டுல புழங்குற பாட்டில்லயும் எத்தனை கிருமி, எத்தனை பூஞ்சை இருக்கும்? கம்பெனித் தோட்டத்துச் செடிக்குப் பூச்சிமருந்து வேற அடிச்சிருப்பான். இப்ப கருவிழியில புண்ணு. ஆழமா இறங்கிடுச்சு."

"கண்ணு வந்துருமா டாக்டர்?" என்றாள் தங்கமாரி.

"கண்ணைக் காப்பாத்தப் பாக்குறேன். பார்வை திரும்பும்னு என்னால சொல்ல முடியாது. புரையோட மட்டும் வந்திருந்தா அரை மணி நேர வேலை. இவ்வளவு வலியைப் பொறுத்துக்கிட்டு எதுக்கும்மா மூணு வாரம் வீட்டுல உக்காந்திருந்தீங்க?"

மாடத்தி தேம்பித் தேம்பி அழுதாள். "என் கையாலதான கெடுத்தேன். எங்கம்மா எங்க ஆச்சிக்கு விடுவா, அதப் பாத்துத்தான் விட்டேன். நான்தான் பாவி."

உலகம்மாள் தடவிப் போய் அவள் கையைப் பிடித்தாள். இத்தனை நாள் சொல்லாததை அப்போதுதான் சொன்னாள்.

"நீ அழாதட்டி. டாக்டரம்மா, இந்தப் பிள்ளைய மேல தப்பில்ல. மொத நாளே எரிஞ்சுது. ஒரு வாரத்துலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இது கண்ணுக்கு ஆகாதுன்னு. வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். சொன்னா இதுவ வராதுல்லா? எங்கம்மா செத்து நாப்பது வருஷமாச்சு. அதுக்குப் பெறவு எம் மூஞ்சிய ஒருத்தர் தொட்டது கெடையாது. ஒருத்தி தாடையப் புடிப்பா, ஒருத்தி மடியில சாச்சுக்கிடுவா, ஒருத்தி ஊதிவிடுவா. ஒரு நாளைக்கு ஆறு நிமிஷம். அந்த ஆறு நிமிஷத்துக்காகத்தான் விட்டுக்கிட்டேன். ஆபரேஷனுக்குக் கூட யாருன்னு முகாம்ல கேட்டாவ. எனக்குச் சொல்ல ஒரு பேரு இல்ல. அதான் எந்திரிச்சு வந்துட்டேன்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவங்ககிட்ட கேட்டீங்களா?" என்றார்.

"கேக்கல."

"நீங்க கேட்டீங்களாம்மா?" என்று பெண்களைப் பார்த்தார். "கண்ணு தெரியலன்னு தெரிஞ்சுதுல்ல? மருந்து சொன்னீங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு ஒருத்திக்காவது தோணுச்சா?"

மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள் உலகம்மாள். முதல் வாரம் மணிக்கு ஒரு தரம் சொட்டு மருந்து விட வேண்டும். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் விட வேண்டும், பாட்டில் நுனி கண்ணில் படக்கூடாது என்று நர்ஸ் காந்திமதி கற்றுக்கொடுத்தாள். காலை ஷிஃப்ட்காரி சாயங்காலம் வந்தாள், நைட் ஷிஃப்ட்காரி பகலில் வந்து பெஞ்சில் அரைத் தூக்கம் போட்டபடி மணி பார்த்து எழுந்தாள். அதே கைதான், அதே தாடை. எரிச்சல் மட்டும் இல்லை. சாற்றுக்கும் எண்ணெய்க்கும்தான் இவர்கள் வருவார்கள் என்று நினைத்தோமே, என்ன முட்டாள்தனம் என்று அந்த மனுஷி தனக்குள்ளேயே நொந்துகொண்டாள்.

சுகப்பிரியா மட்டும் நாலு நாள் எட்டிப் பார்க்கவில்லை. ஐந்தாவது நாள் வந்து கட்டிலோரம் நின்றாள். "அந்த வீடியோவுக்குக் கீழ எழுதுனேன் ஆன்ட்டி, யாரும் இதச் செய்யாதீங்கன்னு. எனக்கு முன்னாடியே நாலு பேர் அதையேதான் எழுதி வச்சிருக்காங்க. நான்தான் கீழ போய்ப் படிக்கல." சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். உலகம்மாள் கட்டிலில் தள்ளி உட்கார்ந்து அவளுக்கு இடம் கொடுத்தாள்.

வலது கண் கண்ணாக இருக்கிறது, அவ்வளவுதான். புண் ஆறித் தழும்பாகிவிட்டது. வெளிச்சமும் நிழலும் தெரியும், ஆள் தெரியாது. நான் பூசி மெழுகிச் சொல்ல விரும்பவில்லை, போனது போனதுதான். இடது கண்ணுக்குக் கார்த்திகையில் ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். அதற்கான பாரத்தில் துணைக்கு வருபவர் பேர் எழுத வேண்டிய இடத்தில் மூன்று பேரும் முண்டியடித்துக்கொண்டு எழுதினார்கள். "ஒரு பேர் போதும்மா" என்றாள் காந்திமதி. "இருக்கட்டும் சிஸ்டர், எங்களுக்கு ஷிஃப்ட் மாறும்" என்றாள் தங்கமாரி. மோகன்ராஜ் அரிசி புடைக்கவும் காய் நறுக்கவும் ஓர் ஆளை வைத்துவிட்டு, "நீ வந்து ருசி மட்டும் பாரும்மா" என்று சொல்லியனுப்பினார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலை கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியை மாட்டி, மருந்துச் சீட்டு வரும்வரை ஹாலில் உட்காரச் சொன்னார்கள். எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தின் முள்ளை உலகம்மாள் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாடத்தி தூங்கி விழுந்துகொண்டிருந்தாள்.

காந்திமதியின் மேஜை முன்னால் ஒரு பெரியவர் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. மண்ணூர்க்காரர், மூர்த்தி என்று பேர். அவருக்கும் புரைதான். பேச்சு இவள் காதில் விழுந்தது.

"கூட யாரு வருவாங்க ஐயா?"

"எனுக்கு யாரும்மா கீறா? பையன் ஷிஃப்ட்டு, ஓவர்டைமுன்னு ஓடிக்கினே கீறான். அவன இன்னாத்துக்குத் தொந்தரவு பண்ணிக்கினு. வுடும்மா. எங்க ஊர்ல ஒருத்தன் மூலிகைத் தைலம் குடுக்குறான், ரெண்டு சொட்டு வுட்டா சரியாய்டும்ன்றான்." சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பெரியவர் வாசலைப் பார்த்து நடந்தார்.

உலகம்மாள் எழுந்து போய் அவர் துண்டைப் பிடித்து நிறுத்தினாள். முன்பின் தெரியாத ஆம்பிளையின் துண்டைப் பிடிப்பது அவள் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

"எங்க போறிய அண்ணாச்சி?"

"வூட்டுக்குத்தான்."

"வீட்டுக்குப் போக வேண்டாம். சிஸ்டர், இவிய சீட்டுல என் பேர எழுதுங்க. ஆபரேஷன் அன்னைக்குக் கூட நான் இருக்கேன்."

காந்திமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா இருக்கும்மா கதை! நேத்துதான் உங்களுக்கே ஆபரேஷன். உங்களுக்கே கூட ஆள் வேணும்."

"எனக்கு மூணு ஷிஃப்ட்டுக்கும் ஆள் இருக்கு. அதுல ஒரு ஷிஃப்ட்ட இவியளுக்குத் தாரேன்."

ஹாலில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். மாடத்தி திடுக்கிட்டு எழுந்தாள். உலகம்மாள் சிரிக்கவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள், வெள்ளைத் தழும்பு விழுந்த வலது கண் எல்லாருக்கும் தெரிந்தது. பதினோரு வருஷம் சத்தம் போடாமல் புழங்கிய மனுஷி, அன்றைக்கு ஹால் முழுக்கக் கேட்கும்படி பேசினாள்.

"சிரிக்காதிய, இங்கன பாருங்க. பூச்சாறு, எண்ணெய், வெங்காயம், எல்லாம் விட்டுக் கெட்டுப்போன கண்ணு இது. கீரைய வாயால தின்னுங்க, யாரு வேண்டாம்னா? கண்ணுக்குள்ள ஒரு சொட்டு விடணும்னாலும் டாக்டர் சொல்லாம விடாதிய. மங்குதுன்னா அன்னைக்கே இங்க வாங்க. கூட வர ஆள் வேணும்னா வாயத் தொறந்து கேளுங்க, நான் கேக்காமக் கெட்டேன். இன்னொண்ணு, சின்னவங்களுக்குச் சொல்லுதேன். வயசானவங்க கண்ணு தெரியலன்னா ஆளுக்கொரு மருந்து சொல்லாதிய. ஆஸ்பத்திரிக்குப் போனியான்னும் கேக்காதிய. வா, போவோம்னு கையப் புடிச்சுக் கூட்டிட்டு வாங்க."